டிவிஎஸ் எக்ஸ்எல் 100: "ரெண்டு மூட்டை வெச்சா இழுக்குமா?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விமர்சனத்தில் வண்டி எத்தனை நொடியில் 60-ஐத் தொடுகிறது என்ற கணக்கெல்லாம் கிடையாது. எக்ஸ்எல் மொபெட் வாங்க வருகிறவர் யாரும் அதைக் கேட்பதில்லை. ஷோரூமுக்குள் வந்ததும் பின் சீட்டைத் தூக்கிப் பார்ப்பார், கேரியரை உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார், டயரைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவார், அப்புறம் விற்பனைப் பையனைப் பார்த்துக் கேட்பார்: "ரெண்டு மூட்டை வெச்சா இழுக்குமா?" வண்டியின் மொத்த டிசைனும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது என்பது என் கட்சி. அதைத்தான் எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் கோவையில் பம்ப்செட் செய்யும் ஒரு நிறுவனத்தில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். வண்டி வாங்கியது மாமனாருக்கு. தாராபுரம் பக்கம் தோட்டம், கொஞ்சம் தென்னை, நாலு உருப்படி மாடு. காலையில் சொசைட்டிக்குப் பால், திரும்பி வரும்போது தவிட்டு மூட்டை, மத்தியானம் புல்லுக்கட்டு, சாயங்காலம் பேத்தியை டியூஷனில் விடுவது, எல்லாமே இந்த ஒரு வண்டியில்தான். இதற்கு முன்னால் அவரிடம் இருந்தது பழைய எக்ஸ்எல் சூப்பர், 69.9 சிசி, டூ ஸ்ட்ரோக், பெட்ரோல் பங்கில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டியது. அதை விற்கவே மனசு வரவில்லை அவருக்கு. "புதுசு போர் ஸ்ட்ரோக்குங்கறாங்க, அது இழுக்குதுங்களா மாப்ள?" என்று ஒரு வருஷமாவது கேட்டிருப்பார்.

அந்தக் கேள்வி நியாயமானது. வாடிக்கையாளர் வாயால் "பவர்" என்று சொல்லும்போது அவர் மனசில் இருப்பது எஞ்சினியர்கள் பவர் என்று எழுதுவது இல்லை. சுமையோடு நிற்கிற வண்டி, காலை எடுத்த உடனே திணறாமல் நகர வேண்டும், தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் அந்தச் சின்ன மண் மேட்டில் அணையக்கூடாது, அவ்வளவுதான். இதை அட்டவணையில் போட்டால் குதிரைத்திறன் என்ற கட்டத்தில் வராது, டார்க், அதாவது முறுக்கு விசை, என்ற கட்டத்தில் வரும், அதிலும் எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும்போது அந்த டார்க் கிடைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எக்ஸ்எல் 100-இன் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 99.7 சிசி. சுமார் 4.3 குதிரைத்திறன், அதுவும் 6000 சுற்றில். டார்க் 6.5 நியூட்டன் மீட்டர், 3500 சுற்றில். பக்கத்தில் ஸ்ப்ளெண்டரை வையுங்கள்: 97.2 சிசி, 8000 சுற்றில் சுமார் 8 குதிரைத்திறன், 6000 சுற்றில் சுமார் 8 நியூட்டன் மீட்டர். கிட்டத்தட்ட அதே அளவு எஞ்சின், ஆனால் எக்ஸ்எல்லில் பாதி பவர்தான். இதைப் பார்த்துவிட்டு "ஏமாத்திட்டாங்க" என்று கமென்ட் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏமாற்றவில்லை ஐயா, வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறார்கள். ஸ்ப்ளெண்டரில் நாலு கியர் இருக்கிறது, முதல் கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டால் கியர் விகிதமே சுமையைத் தூக்கிக்கொடுக்கும். எக்ஸ்எல்லில் கியரே கிடையாது, எஞ்சின் சுற்று ஏறினால் தானே பிடித்துக்கொள்ளும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச்தான். அப்படியென்றால் நிற்கிற நிலையிலிருந்து இழுப்பதற்கும், ரோட்டில் ஓடுவதற்கும் ஒரே பல்சக்கர விகிதம்தான். இழுவைக்கு ஏற்ற மாதிரி விகிதத்தை வைத்தால் மேல்வேகம் போய்விடும், மேல்வேகத்துக்கு வைத்தால் மேட்டில் நின்றுவிடும். இவர்கள் தயங்காமல் இழுவைப் பக்கம் நின்றுவிட்டார்கள். டார்க்கை 3500 சுற்றிலேயே கொண்டுவந்து வைத்தது அதற்காகத்தான், கிளட்ச் பிடித்துக் கொஞ்ச நேரத்திலேயே முழு இழுவையும் கையில் இருக்கும்.

டூ ஸ்ட்ரோக்கிலிருந்து ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியதும் இதே கணக்குதான். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை வெடிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை. அதே 70 சிசியில் ஃபோர் ஸ்ட்ரோக் கொடுத்திருந்தால் என் மாமனார் மாதிரி ஆட்கள் வண்டியை ஷோரூமிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள். புகை விதிகள் இறுகிக்கொண்டே வந்ததால் டூ ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டிருக்கவும் வழியில்லை. 2015-இல் 100 சிசிக்கு ஏற்றிக் கொண்டுவந்தார்கள். சிசி ஏற்றியது விளம்பரத்துக்கு என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது பழைய இழுவை குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாகத்தான் தெரிகிறது. முதல் நாள் தோட்டத்து மேட்டில் இரண்டு தவிட்டு மூட்டையோடு ஏறிவிட்டு மாமனார் சொன்னது ஒரே வரி: "பழசு மாதிரி கத்தல, ஆனா ஏறிருச்சுங்க."

வாடிக்கையாளர் பேச்சை டிசைன் அளவுகளாக மாற்றுவதற்கு எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஜப்பானில் யோஜி அகாவோ 1960-களில் ஆரம்பித்துவைத்தது, 1972-இல் மிட்சுபிஷியின் கோபே கப்பல் கட்டும் தளத்தில் பெரிய அட்டவணையாகப் போட்டுப் பார்த்தார்கள். இடது பக்கம் வாடிக்கையாளர் சொன்னது, அவர் வார்த்தையிலேயே. மேலே வரிசையாக அளக்கக்கூடிய விஷயங்கள், மில்லிமீட்டர், கிலோ, சுற்று, வாட் என்று. நடுவில் எதற்கும் எதற்கும் எவ்வளவு உறவு என்று குறி போடுவது. உச்சியில் முக்கோணமாக ஒரு கூரை, அதில் மேலே எழுதிய அளவுகளில் எது எதோடு மோதுகிறது என்று குறிப்பது. பார்க்க வீடு மாதிரி இருப்பதால் தர வீடு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். படிக்கும்போது சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். நிஜத்தில் இடது பக்கக் கட்டங்களை ஒழுங்காக நிரப்புவதில்தான் பாதிப் பேர் கவிழ்வது.

எங்கள் பம்ப் துறையில் நடப்பதையே சொல்கிறேன். விவசாயி "மோட்டார் ஸ்ட்ராங்கா இருக்கோணும்" என்பார். விற்பனை ஆள் அதை மெயிலில் "ஹெச்பி கூட்டணும்" என்று எழுதிவிடுவார். போய் நேரில் பார்த்தால் அந்தத் தோட்டத்தில் ராத்திரி வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும், மோட்டார் சூடாகி காயில் எரிகிறது, அதற்குத்தான் அவர் ஸ்ட்ராங் என்றது. ஹெச்பியைக் கூட்டினால் கரன்ட் இன்னும் இழுக்கும், வோல்டேஜ் இன்னும் இறங்கும், நோய்க்கு மருந்து கேட்டவருக்கு நோயையே இன்னொரு டோஸ் கொடுத்த மாதிரி. எழுத வேண்டியது "குறைந்த வோல்டேஜிலும் ஸ்டார்ட் ஆகணும், தொடர்ந்து ஓடணும்" என்பது. சர்வே ஃபாரம் கொடுத்து மைலேஜ் வேணுமா, பவர் வேணுமா, விலை குறைவா வேணுமா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் டிக் அடித்துத் தருவார்கள். யார்தான் வேண்டாம் என்பார்கள்?

எக்ஸ்எல்லுக்குத் திரும்பி வருகிறேன். இதை டிசைன் செய்தவர்கள் அந்த இடது பக்கக் கட்டங்களைத் தெருவில் நின்று நிரப்பியிருக்கிறார்கள் என்பது வண்டியைச் சுற்றி வந்தாலே தெரியும். ஓசூரிலிருந்து 1980-இல் டிவிஎஸ் 50 வந்தபோதே இரண்டு பேர் உட்காரும் மொபெட் என்பதுதான் அதன் புதுமை. அன்றைக்கு மொபெட் என்றால் ஒருத்தர் போவது. நம் ஊரில் ஒருத்தராக யார் போனார்கள்? ஜனங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததற்குத்தான் இவர்கள் சீட்டு போட்டுக் கொடுத்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை.

முன்னால் கால் வைக்கும் தளம் தட்டையாக இருக்கிறதே, அதைப் பாருங்கள். சாதாரண பைக்கில் அந்த இடம் கிடையாது. அங்கேதான் தண்ணீர் கேன், அரிசிச் சிப்பம், சில சமயம் ஆட்டுக்குட்டி. சுமை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், தரைக்குப் பக்கத்தில் உட்காருவதால் ஹேண்டில் ஆடுவதில்லை. அதே மூட்டையைப் பின்னால் கேரியரில் வைத்துப் பாருங்கள், முன் சக்கரம் லேசாகிற மாதிரி இருக்கும், ஹேண்டில் கையில் நிற்காது. அனுபவசாலிகள் முதல் மூட்டையை முன்னாலும் இரண்டாவதைப் பின்னாலும் வைப்பார்கள், சொல்லிக்கொடுக்காமலே.

பின் சீட்டு தனி. கழற்றினால் கீழே கேரியர். கழற்றுவதற்கு மெக்கானிக் தேவையில்லை. காலையில் பால் கேனுக்காகக் கழற்றி வைத்த சீட்டைச் சாயங்காலம் பேத்திக்காக மாட்டுகிறார் மாமனார், திண்ணையில் அதற்கென்று ஒரு இடமே இருக்கிறது. ஒரே வண்டிக்கு இரண்டு உத்தியோகம் என்று யாரும் சர்வேயில் எழுதியிருக்க மாட்டார்கள். "சாமானும் ஏத்தணும், வீட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போகணும்" என்று சொல்லியிருப்பார்கள், அதைக் கேட்டு ஒரு நீளமான ஒற்றை சீட்டு போட்டுக்கொடுத்துவிட்டுக் கை கழுவியிருக்கலாம். சீட்டைக் கழற்றும்படி செய்வது என்பது அந்த வாக்கியத்தில் உள்ள இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை என்று கவனித்தவருக்குத்தான் தோன்றும்.

சக்கரம் 16 இன்ச், டயர் 2.5 இன்ச் அகலம். ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் 10 அல்லது 12 இன்ச்தான். சின்னச் சக்கரம் குழியில் விழும், பெரிய சக்கரம் குழியைத் தாண்டும், வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வித்தியாசம் உடனே தெரியும். எங்கள் வண்டியில் கம்பிச் சக்கரம், டியூப் டயர். நகரத்து ஆள் இதைப் பார்த்து "இந்தக் காலத்தில் டியூப்பா?" என்பார். ஊரில் எந்த முக்கிலும் டியூப்புக்கு பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் ஒருத்தர் இருப்பார், கம்பி வளைந்தால் நிமிர்த்தித் தருவார். எல்லாருக்கும் சரிப்படாது, இந்த வாடிக்கையாளருக்கு இது சரிதான்.

எடை, மாடலைப் பொறுத்து, 90 கிலோவுக்குள். அறுபது வயதுக்காரர் சேற்றில் சிக்கினால் தானே பின்னால் இழுத்துவிடும் எடை. இங்கேதான் அந்தத் தர வீட்டுக் கூரையின் சண்டை ஆரம்பிக்கிறது. சுமை தாங்க வேண்டும் என்றால் சேஸிஸ் கனமாக வேண்டும், கனமானால் ஸ்டாண்டு போடக் கஷ்டம், விலையும் ஏறும். பெரிய சக்கரம் வேண்டும் என்றால் சீட்டு உயரும், குட்டையானவர்களுக்குக் கால் எட்டாது. சீட்டு உயரம் 790 மில்லிமீட்டருக்குள் வைத்திருக்கிறார்கள், வேட்டியோ சேலையோ கட்டியவர் காலைத் தூக்கிப் போடாமல் நடுவில் நுழைந்து உட்காரலாம். நிறுவனம் சொல்லும் சுமை 130 கிலோ. கவனியுங்கள், ஓட்டுபவரும் அதற்குள்தான். 65 கிலோ ஆள் உட்கார்ந்தால் மிச்சம் 65. ஊரில் ஏற்றுவது இதைவிடக் கூடுதல் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். டிசைன் செய்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? எழுத்தில் 130 என்று போட்டாலும், ஜனம் 130-இல் நிற்காது என்று தெரிந்துதான் சேஸிஸுக்குக் குழாய் எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் சொல்வதை வைத்து 200 கிலோ ஏற்றிவிடாதீர்கள்.

ஸ்டார்ட்டர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018-இல் ஐ-டச் ஸ்டார்ட் என்று கொண்டுவந்தார்கள். சாதாரண செல்ஃப் மாதிரி கிர்ர் என்று பல்சக்கரம் கடிக்கும் சத்தம் இல்லை, ஜெனரேட்டரே மோட்டாராக மாறி எஞ்சினைச் சுற்றிவிடுகிறது, பட்டனைத் தொட்டால் சத்தமில்லாமல் ஓட ஆரம்பிக்கும். நோரியாக்கி கானோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் 1984-இல் ஒரு பிரிவினை சொன்னார். சில விஷயங்கள் இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் திட்டுவார்கள். சில விஷயங்கள் கூடக் கூட மகிழ்ச்சி கூடும். இன்னும் சில, யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள், கொடுத்தால் வாயைப் பிளப்பார்கள். எக்ஸ்எல்லில் இழுவை முதல் ரகம், மைலேஜ் இரண்டாவது, பட்டன் ஸ்டார்ட் மூன்றாவது. மொபெட்டுக்கு செல்ஃப் வேண்டும் என்று தோட்டத்து ஆள் யாரும் கேட்டிருக்க மாட்டார், "உதைச்சா ஸ்டார்ட் ஆகோணும்" என்பதுதான் அவர்கள் கேட்டது. ஆனால் வண்டி நிறையச் சுமையை வைத்துக்கொண்டு டிராஃபிக்கில் அணைந்துபோனால் கிக்கர் உதைக்க இறங்க வேண்டும், இறங்கினால் வண்டி சாயும், சாய்ந்தால் பால் போச்சு. பூக்கடை அக்கா, மீன் பெட்டி கட்டிப் போகும் அண்ணன், இவர்களையெல்லாம் சிக்னலில் நின்று பார்த்தவருக்குத்தான் இந்தப் பட்டன் ஆடம்பரம் இல்லை என்று புரியும். இன்றைக்கு என் மாமனார் பட்டன் இல்லாத வண்டியைத் தொடமாட்டார். மூன்றாவது ரகம் இரண்டே வருஷத்தில் முதல் ரகமாகிவிட்டது. கானோவும் இதைத்தான் சொன்னார், காலம் போகப் போக எல்லாம் கீழே இறங்கும் என்று.

மொபைல் சார்ஜர் போர்ட்டும் கொடுக்கிறார்கள். மாமனார் அதை ஒரு தடவையும் தொட்டதில்லை. கூரியர் பையன்கள் தொடுவார்கள்.

இந்த மாதிரி வண்டிக்கு ஒரு பெரியப்பா உண்டு, ஹோண்டா சூப்பர் கப். 1958. ஜப்பானில் சோபா நூடுல்ஸ் டெலிவரி செய்யும் பையன் ஒரு கையில் தட்டை வைத்துக்கொண்டு மற்றொரு கையால் ஓட்ட முடிய வேண்டும் என்பது அதற்கு வைத்த கண்டிஷன் என்பார்கள். அதனால் இடது கையில் கிளட்ச் லிவரே இல்லை. சென்ட்ரிஃபியூகல் கிளட்ச், பெரிய சக்கரம், நடுவில் காலை நுழைக்கும் உடம்பு. 2017-இல் உற்பத்தி 10 கோடியைத் தாண்டிவிட்டது. எனக்குப் பிடித்தது அந்தக் கண்டிஷனை எழுதிய விதம். "ஓட்ட எளிதாக" என்று எழுதியிருந்தால் யாரும் எதையும் செய்திருக்க மாட்டார்கள். ஒரு கையில் தட்டு என்று எழுதியதும் டிசைனருக்குத் தப்பிக்க வழியில்லை. எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று உண்டு, டாடா நானோ. 2009-இல் வந்தது. ஸ்கூட்டரில் நாலு பேராக நனைந்துகொண்டு போகும் குடும்பத்துக்குக் கார் என்பதுதான் ஆரம்ப எண்ணம், ஆனால் ஒரு லட்சம் ரூபாய் என்ற எண் எல்லாக் கட்டத்தையும் தின்றுவிட்டது. டிக்கிக் கதவே திறக்காது, சாமானைப் பின் சீட்டு வழியாகத்தான் போட வேண்டும். திறக்கும் கதவு 2015-இல்தான் வந்தது. குடும்பத்துக்குக் கார் வாங்குகிறவன் ஊருக்குப் போகும்போது மூட்டை முடிச்சு எங்கே வைப்பான் என்ற கேள்வி அட்டவணையில் இருந்தும் விலைக்கு முன்னால் தோற்றுப்போயிருக்க வேண்டும்.

சரி, எக்ஸ்எல்லில் எங்கே கோட்டை விட்டிருக்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் வண்டியை ஓட்ட வேண்டியதில்லை, எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்கு ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்தால் போதும். எக்ஸ்எல் வாங்கிய ஒரு வாரத்தில் பாதி வண்டி அங்கே வந்துவிடும். பால்காரர்களுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டையில் கொக்கி, கேன் தொங்குவதற்கு, கேன் சைலன்சரில் உரசாமல் இருக்க நடுவே ஒரு குறுக்குக் கம்பி. கீரைக்காரருக்குப் பின்னால் அகலமாகப் பலகை பிடிக்க ஃபிரேம். சைக்கிள் டியூபை வெட்டிச் சுமை கட்டும் கயிறாக்கி, அதை மாட்ட நட்டு வைத்து நாலு வளையம். பட்டறைக்காரர் அளவே எடுப்பதில்லை, "என்னங்ணா ஏத்தறீங்க?" என்று ஒரு கேள்வி, கரும்பலகை சாக்பீஸால் கம்பியில் ஒரு கோடு, கட்டர் ஓடுகிறது. கோடி ரூபாய் கொடுத்து மார்க்கெட் ஆய்வு செய்கிற நிறுவனங்கள் இந்த மனிதருக்கு ஒரு ஸ்டூல் போட்டு ஒரு மாதம் உட்கார வைத்தால் அடுத்த மாடலின் வரைபடம் தயார்.

அந்தப் பட்டறையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பக்கவாட்டில் தொங்கவிடும் சுமைக்கு கம்பெனியே போல்ட் துளை போட்ட இடம் ஒன்று கொடுத்தால் போதும். வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் சேஸிஸ் குழாயின் வலு குறையும், பெயின்ட் எரிந்து துருப்பிடிக்கும், ஆனால் ஜனம் செய்யத்தான் போகிறது. நிறுத்த முடியாததற்கு வழி செய்து கொடுப்பதுதான் புத்திசாலித்தனம், சீட்டு விஷயத்தில் அதைத்தானே செய்தார்கள்.

அடுத்து பிரேக். இரண்டு பக்கமும் 110 மில்லிமீட்டர் டிரம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரைக்கும் வண்டிகளில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்க வேண்டும் என்ற விதி வந்ததால் அதுவும் இருக்கிறது, ஒரு லிவரைப் பிடித்தால் இரண்டும் பிடிக்கும். ஆள் மட்டும் போனால் தாராளம். ஆனால் இந்த வண்டியின் வாடிக்கையாளர் ஆள் மட்டும் போகிறவர் இல்லையே. இழுவைக்கு முழுச் சுமையை மனதில் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் நிறுத்துவதற்கும் அதே சுமையை வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. முன்னால் இன்னும் கொஞ்சம் பெரிய டிரம் கொடுத்தால் விலை பெரிதாக ஏறிவிடாது. ஷோரூமில் யாரும் "நிக்குமா?" என்று கேட்பதில்லை, "இழுக்குமா?" என்றுதான் கேட்கிறார்கள், அதனால் அந்தக் கட்டம் கொஞ்சம் இளைத்துப்போயிருக்கிறது. வாடிக்கையாளர் வாயைத் திறந்து கேட்காததையும் எழுதுவதுதான் டிசைனர் சம்பளத்துக்கான வேலை.

பெட்ரோல் டேங்க் 4 லிட்டர். ஊருக்குள் ஓட்டுகிறவருக்குப் போதும். ரொம்ப தூரம் போய்வருகிறவர் கணக்குப் பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டி வைக்கும் பெட்டி எதுவும் இல்லை, ஆர்.சி. புத்தகமும் பில்லும் சட்டைப் பையில்தான்.

2020-இல் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபோது கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. காலையில் குளிரில் சோக் இழுக்கும் வேலை மிச்சம், புகையும் குறைவு. ஆனால் மரத்தடி மெக்கானிக் ஸ்பேனரை வைத்து இதை ஒன்றும் செய்ய முடியாது, சென்சார் கோளாறு என்றால் கம்ப்யூட்டர் சொருகிப் பார்க்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். இது இந்த ஒரு நிறுவனத்தின் விஷயம் இல்லை, விதி மாறியதால் பெரும்பாலான வண்டிகளுக்கு வந்த மாற்றம். "எவன் வேணா ரிப்பேர் பார்க்கோணும்" என்ற பழைய ஆசையும் "புகை விடக்கூடாது" என்ற அரசாங்க ஆசையும் மோதியதில் முதலாவது தோற்றது.

எதிர்காலத்துக்கு மின்சார வண்டிகள் இந்த இடத்துக்குக் கண் வைத்திருக்கின்றன. பழைய லூனா மொபெட்டையே 2024-இல் மின்சாரமாக மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள், 150 கிலோ சுமக்கும் என்கிறார்கள். மோட்டாருக்கு நிற்கிற இடத்திலிருந்தே முழு டார்க் கிடைக்கும் என்பதால் "இழுக்குமா?" என்ற கேள்விக்கு அங்கே சுலபமான பதில். ஆனால் தோட்டத்து வீட்டில் சார்ஜ் போட வேண்டும், ராத்திரி வோல்டேஜ் கதையை மேலே சொன்னேனே. மாமனாரிடம் சொன்னேன், "கரன்ட்ட நம்பி மோட்டாரையே போட முடியல, வண்டி வேறயா?" என்று கேட்டார்.

டீலர்ஷிப் பற்றி ஒரு எச்சரிக்கை. நாங்கள் போன இடத்தின் பெயர் வேண்டாம். வண்டியின் விலைக்கு மேல் கிராஷ் கார்டு, சீட் கவர், பாலிஷ் என்று ஒரு பட்டியலைச் சேர்த்து பில் போடப் பார்த்தார்கள், "எல்லாரும் வாங்கறாங்க சார்" என்று. வேண்டாததை அடித்துவிடச் சொல்லுங்கள். கிராஷ் கார்டு பட்டறையில் இதைவிடக் கனமாகவே செய்து தருவார்கள்.

யார் வாங்கலாம்? தினமும் சுமை ஏற்றுகிறவர், ஒரு நாளைக்கு 20, 30 கிலோமீட்டருக்குள் சுற்றுகிறவர், மண் ரோடும் வரப்பும் பழகியவர், கியர் மாற்றப் பிடிக்காதவர் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஹைவேயில் தினமும் வேலைக்குப் போகிறவர் வேண்டாம், பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்போது முறுக்குவதற்கு இதில் ஒன்றும் மிச்சமிருக்காது. கல்லூரிப் பையன்கள் இதை வாங்கிவிட்டுத் திட்டி எழுதுவதைப் பார்க்கிறேன், உங்களுக்காகச் செய்த வண்டி இல்லை தம்பி இது.

வாங்கினால் ஐ-டச் ஸ்டார்ட் உள்ளதை வாங்குங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை, வீட்டில் பெண்களோ பெரியவர்களோ ஓட்டுவதாக இருந்தால் கட்டாயம். ஹெவி டியூட்டி மாடலா கம்ஃபர்ட் மாடலா என்று குழப்பம் வந்தால் கேரியரில் என்ன ஏற்றப்போகிறீர்கள் என்று யோசியுங்கள், மூட்டை என்றால் முதலாவது, ஆள் என்றால் இரண்டாவது. டயரில் காற்றைச் சுமையோடு ஓட்டுவதற்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது, அதைப் பார்த்து வையுங்கள், பஞ்சர் கடைக்காரர் கை அளவில் வைப்பது பத்தாது. பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொக்கி வைப்பதாக இருந்தால் வெல்டிங் வேண்டாம், போல்ட் போட்டு மாட்டும்படி கிளாம்ப் செய்யச் சொல்லுங்கள், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்று பட்டறைக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.